மிக்சி அண்ணன் கேட்ட மன்னிப்பு

மன்னிப்புக் கேட்டே இத்தனை பேரைப் பகைத்துக்கொண்ட மனிதர், காரைக்குடியில் மிக்சி அண்ணனைத் தவிர வேறு யாரும் இருக்க முடியாது.

செக்காலைப் பக்கம் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஞானஸ்நானத்தில் ஏதோ ஒரு நல்ல பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் சபையில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர் ஐயா, யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அதைத் தீர்த்துக்கொள்ளாமல் திருவிருந்துக்கு வராதீர்கள் என்று பிரசங்கம் செய்தார். நாங்கள் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போய்க் கறிக்குழம்பு சாப்பிட்டோம். மிக்சி அண்ணன் மட்டும் அதை நம்பிவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். செய்ததற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மனதுக்குள் நினைத்ததற்கும் கேட்டார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

முதலில் பாடகர் குழுவை நடத்தும் டீச்சரம்மா வீடு.

"டீச்சர், போன வாரம் நீங்க தனியாப் பாடுனீகள்ல, அப்ப மனசுக்குள்ள, 'பேரிங் போன கிரைண்டர் கெணக்கா இருக்கே'ன்னு நெனச்சுப்புட்டேன். மன்னிச்சுருங்க."

அதுவரை மிக்சி அண்ணன் மேல் எந்த வருத்தமும் இல்லாதிருந்த டீச்சரம்மா, அன்றிலிருந்து இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை.

போதகரையும் விடவில்லை. "ஐயா, ஒங்க பிரசங்கத்துல மூணாவது பாயிண்டுக்கு மேல நான் முழிச்சிருந்ததே இல்லை." ஐயா பெரிய மனதோடு சிரித்தார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பிரசங்கம் இரண்டு பாயிண்டோடு முடிந்தது. அந்த ஒரு மன்னிப்புக்கு மட்டும் சபையே அவருக்கு நன்றி சொன்னது.

கறிக்கடை பாயிடம் போய், "தராசு மேல சந்தேகப்பட்டுட்டேன் பாய்" என்றாராம். பாய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இத்தனை வருசத்துல மூஞ்சிக்கு நேரா சொன்ன ஆளு நீங்கதான்" என்று டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார். சபைக்கு வெளியே இருந்தவர்தான் அதை ஒழுங்காக வாங்கிக்கொண்டார்.

நான் அப்போது சபைக் கமிட்டியின் செயலாளர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மிக்சி அண்ணனைப் பற்றி வயிறு வலிக்கச் சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தான்.

எங்கள் சபையில் வருடம் ஒருமுறை எல்லோருக்கும் அசனச் சாப்பாடு நடக்கும். சமையல்கட்டில் அண்ணன்தான் எல்லாம். சபைக் கோயிலின் பெரிய கிரைண்டரை முந்தின வாரமே கழற்றிச் சரிபார்த்து வைத்திருந்தார். அன்று அவர் விறகு எடுக்கப் போன நேரத்தில், சீக்கிரம் முடியட்டும் என்று நான் தேங்காயையும் மசாலாவையும் வாய்வரை அடைத்து, சொட்டுத் தண்ணீர் விடாமல் சுவிட்சைப் போட்டேன். போட்டுவிட்டு செல்போனில் பேசப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கல் சுற்றவில்லை. புகை மட்டும் வந்துகொண்டிருந்தது.

சாப்பாடு மூன்று மணிக்குத்தான் போட முடிந்தது. பிள்ளைகள் பசியில் அழுதன. கிரைண்டர் எப்படிப் புகைந்தது என்று கமிட்டியில் கேட்டார்கள். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

"போன வாரம் மிக்சி அண்ணன்தான கை வச்சாரு?" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது போதுமானதாக இருந்தது. இனிமேல் கோயில் சாமான்களை வெளியே கொடுத்துப் பார்ப்பது, சமையல்கட்டுக்கு வேறு ஆள் போடுவது என்று முடிவாயிற்று. அண்ணன் கதவோரம் நின்றிருந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"சார், அன்னைக்கு நீங்க கமிட்டியில சொன்னப்ப, 'இந்தாளு பொய் சொல்றாரு'ன்னு நெனச்சுப்புட்டேன். மன்னிச்சுருங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் தோளைத் தட்டி, "பரவால்லண்ணே, நான் மன்னிச்சுட்டேன்" என்றேன். அவர் தலையசைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதன்பின் தூக்கம் போயிற்று. சொல்லிவிடலாம் என்று கடைக்குப் போனேன். வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்ததால் எங்கள் மிக்சியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் கோளாறு இல்லையே சார்" என்றார். வந்துவிட்டேன். அடுத்த மாதம் டேபிள் ஃபேன். அதற்கடுத்து இஸ்திரிப் பெட்டி. அதையும் சூடாக்கித் தொட்டுப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒங்க வீட்டுல எல்லாம் நல்லாத்தான் ஓடுது. வேற என்ன சார்?"

"ஒண்ணுமில்லண்ணே."

அந்த மழைக்காலத்தில் ஒருநாள் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு கூடிய கமிட்டியில் எழுந்து நின்று உள்ளதைச் சொன்னேன். ஒருவர், "அந்தக் கிரைண்டரத்தான் அப்பவே பழைய இரும்புக்குப் போட்டாச்சே" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

அவர் மனைவியைப் பார்க்கப் போனேன். சொன்னதும் அந்த அக்கா அழுவார் என்று நினைத்தேன்.

"தெரியும் சார். மோட்டாரத் தெறந்து பாத்த அன்னைக்கே, நீங்க தண்ணி விடாம ஓட்டுனது தெரிஞ்சுபோச்சுன்னு சொன்னாக."

"அப்பறம் ஏன்க்கா என்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டாக?"

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து ஒங்கள அப்படி வஞ்சாக சார். காதால கேக்க முடியாது. அதை அப்படியே ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கொறைச்சு சொல்லிருக்காக." அக்கா சிரித்துவிட்டார். "நீங்க இஸ்திரிப் பெட்டியத் தூக்கிட்டுப் போன அன்னைக்கு வந்து சிரியா சிரிச்சாக. 'அடுத்து பிரிட்ஜத் தூக்கிட்டு வருவாரு பாரு, அதுக்குள்ள சொல்லிருவாரு'ன்னாக."

சிரித்துக்கொண்டே இருந்தவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

கோயிலில் வலப்பக்கம் மூன்றாவது தூணை ஒட்டித்தான் அவர் உட்காருவார். இப்போது அந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும் எனக்குப் பிடிப்பதில்லை.