மிச்சத்தில் பாவமில்லை

சுற்றுச்சூழல் துறைத் தலைமை அலுவலகத்தின் பின்கட்டில் கேன்டீன் நடத்திவந்த அக்காவுக்கு ஒரு திங்கட்கிழமை காலை ஆணை வந்தது. இனிமேல் இந்த வளாகத்தில் மனசாட்சிக்கு உகந்த உணவு மட்டுமே பரிமாறப்பட வேண்டும் என்றும், தவறினால் ஒப்பந்தம் முன்னறிவிப்பின்றி ரத்து செய்யப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. அக்கா வாணலியில் கிடந்த மீனைத் திருப்பிப் போட்டுவிட்டு, எந்தச் சாப்பாடு மனசாட்சிக்கு ஒத்துவரும் என்று பியூனைக் கேட்டாள். அதைக் கண்டுபிடிக்கத்தான் குழு போட்டிருக்கிறார்கள் என்றார் அவர்.

எல்லாம் இயக்குநர் வெளிநாட்டு மாநாட்டுக்குப் போய்வந்ததால் வந்த வினை. அங்கே யாரும் சும்மா சாப்பிடவில்லையாம். ஒவ்வொரு கவளத்துக்கும் ஒரு கருத்துச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்களாம். நம் அலுவலகத்தில் மட்டும் ஜனங்கள் பசிக்கிறது என்கிற ஒரே காரணத்துக்காகச் சாப்பிடுவதைப் பார்க்க அவருக்கே கூச்சமாகப் போய்விட்டது.

குழு கேன்டீனிலேயே கூடியது, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. மரக்கறி மட்டுமே சாப்பிடும் கணக்கு அதிகாரி, இறைச்சியும் மீனும் கொலை என்றார். உடனே அவை நீக்கப்பட்டன. மீனில்லாமல் சோறு இறங்காத துணை இயக்குநர் இதை மனசில் வைத்துக்கொண்டு, பால் கன்றுக்குட்டியின் பங்கில்லையா என்று கேட்டார். பாலும் போனது. அரிசி ஆற்றையே குடித்துவிடுகிறது என்றார் ஒருவர். காய்கறி லாரியில் புகை விட்டுக்கொண்டு வருகிறது என்றார் இன்னொருவர். தன் வீட்டு மாடியில் கீரை போட்டிருக்கும் பெண் பொறியாளர், அதையாவது சாப்பிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். கீரையிடம் கேட்டீர்களா என்றார் துணை இயக்குநர். கீரை பரிசீலனையில் வைக்கப்பட்டது.

இப்படிக் கூடிக் கூடிப் பேசி, கடைசியில் உப்பும் வெந்நீரும்தான் தேறின. அதிலும் வெந்நீருக்கு காஸ் செலவாகிறது என்று ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அதிகாரிகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டுவர ஆரம்பித்தார்கள். யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி, ஏசிக்காக இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். மதிய வேளையில் வளாகமே புகைமண்டலமாக இருந்தது. அந்தப் புகையின் அளவு முறைப்படி பதிவு செய்யப்பட்டு, பொதுமக்களின் பொறுப்பின்மைக்கு ஆதாரமாகச் சேர்க்கப்பட்டது.

அடுப்பு அணைந்த கேன்டீனில் உட்கார்ந்திருக்க முடியாமல் அக்கா ஒருநாள் நடுப்பகலிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் வீட்டுக்காரர் கரண்ட் மீட்டர் பார்த்து ஓய்வுபெற்றவர். அரசாங்கம் எது செய்தாலும் அவரிடம் ஒரு கருத்து இருக்கும். அரசாங்கம் ஒன்றுமே செய்யாவிட்டால் இரண்டு இருக்கும். அன்றைக்கு அவர் முந்தின நாள் சோற்றைத் தாளித்து, சட்டியோடு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அது அக்காவுக்கும் சேர்த்து வைத்திருந்த சோறு.

"ஊரே பாவத்துக்குப் பயந்து பட்டினி கிடக்குது, உங்களுக்கு மட்டும் எப்படி இறங்குது?" என்றாள் அக்கா.

"இதுல என்ன பாவம்? இது மிச்சம். நான் சாப்பிடலைன்னா குப்பைக்குப் போகும். பாவமெல்லாம் நேத்தே முடிஞ்சு போச்சு," என்று சொல்லிவிட்டு அவர் சட்டியை வழித்தார்.

அவள் பங்கையும் தின்றதற்குச் சாக்காக அவர் சொன்னது அது. ஆனால் அக்காவுக்கு அதில் தன் ஒப்பந்தத்தைக் காப்பாற்றும் வழி தெரிந்தது. மறுநாள் காலை நேராக இயக்குநர் அறைக்குப் போனாள். மூடிவைத்த டப்பாவைப் பார்த்தபடி அவர் மதியத்துக்காகக் காத்திருந்தார்.

"ஐயா, மிச்சம் சாப்பிட்டா பாவமுங்களா?"

இயக்குநர் யோசித்தார். "இல்லம்மா. அது விரயத்தத் தடுக்கிறது. ஒரு வகையில சேவை."

"அப்போ நான் மிச்சம் மட்டும் போடுறேனுங்க."

"அவ்வளவு மிச்சத்துக்கு எங்க போவீங்க?"

"நான் புதுசா சமைச்சு வைக்கிறேன். யாராவது ஒருத்தர் மொதல்ல ஒரு வாய் சாப்பிட்டுட்டு எந்திரிச்சுட்டா, பானையில இருக்கிறது பூரா மிச்சம்தானுங்களே."

இயக்குநர், "அந்த ஒரு வாய் சாப்பிடுறவர் கதி?" என்று கேட்டார்.

"அவருக்குச் சம்பளம் குடுத்துருங்க."

அப்படித்தான் முதல் கவள அலுவலர் என்னும் பதவி உருவானது. அக்காவின் வீட்டுக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வைத்துக் காத்திருந்தார். தகுதியின் அடிப்படையில் இயக்குநரின் மச்சான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அன்றிலிருந்து அக்காவின் வீட்டுக்காரர் இந்தத் திட்டத்தைக் கொள்கை ரீதியாக எதிர்க்கத் தொடங்கினார்.

மச்சான் தினமும் பன்னிரண்டரை மணிக்கு வந்து, அலுவலகம் முழுக்க வரிசையில் நிற்க, பானைக்கு ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு, "போதும்" என்பார். அந்தச் சொல் விழுந்ததும் சாப்பாடு மிச்சமாகிவிடும். தட்டுகள் நீளும். பாவமில்லை என்று ஆனபின் யாருக்கும் கை நிற்கவில்லை. ஒரு கரண்டி சாப்பிட்டவர்கள் மூன்று கரண்டி கேட்டார்கள். கணக்கு அதிகாரிகூட, யாரோ கொன்று யாரோ மிச்சம் வைத்ததை வீணாக்குவது நியாயமில்லை என்று சொல்லி, மீனில் நடுத்துண்டாகப் பார்த்து வாங்கினார். அக்கா இரண்டு பெரிய பானைகள் கூடுதலாக வாங்கினாள்.

கொஞ்ச நாளில் மச்சானுக்கு வயிறு கெட்டது. எண்ணெய்ப் பண்டம் தொடக்கூடாது என்றார் டாக்டர். எனவே முகர்ந்தால் போதும் என்று விதி திருத்தப்பட்டது. பிறகு பார்த்தால் போதும் என்றானது. பிறகு மச்சான் மலைப்பிரதேசத்துக்கு ஓய்வெடுக்கப் போனதால், பானையைப் படமெடுத்து அவர் போனுக்கு அனுப்பி, அவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் போதும் என்று ஆணை வந்தது.

விஷயம் ஊருக்குள் பரவியது. பெரிய ஓட்டல்கள் "இங்கு மிச்சம் மட்டுமே கிடைக்கும்" என்று பலகை மாட்டி விலையை ஏற்றின. வசதியானவர்கள் மட்டுமே அங்கே போக முடிந்தது. இன்னும் புதுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களைப் பற்றி அவர்கள் வருத்தத்தோடு பேசிக்கொண்டார்கள்.

சிக்கல் வாட்ச்மேனால் வந்தது. அவர் ரொம்ப காலமாகத் தட்டுகளில் மிஞ்சியதை வழித்து, வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டுபோவார். அதைத் துணை இயக்குநர் பார்த்துவிட்டார். சாப்பாடே மிச்சம் என்றால், மிச்சத்தில் மிஞ்சுவது என்ன? விதியில் அதற்குப் பெயரே இல்லை. மேலும் அதைக் கோழி தின்றால் முட்டையாகும், முட்டை மறுபடியும் பாவமாகும். முடிவு தெரியும்வரை எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சீல் வைத்து, முற்றத்தில் அடுக்கச் சொன்னார்கள். மூன்று கரண்டி வாங்கியவர்கள் இரண்டு கரண்டியைக் கொட்டினார்கள். பைகள் ஜன்னல் உயரத்துக்கு வந்தன. வாட்ச்மேன் தன் கோழிகளுக்குக் கப்பலில் வந்த தீவனம் வாங்கினார்.

இந்த நிலையில்தான் திட்டத்தை நாடு முழுக்க விரிவாக்கப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. இடம், அதே முற்றம். பைகளுக்கு முன்னால் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். வெயில் ஏற ஏறத் துணியால் மறைக்க முடியாதது வெளியே வந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் பேசியே தீருவது என்று முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று ஆதாரத்தோடு சொல்லப் போவதாக வழி நெடுக அக்காவிடம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். திட்டம் போனால் ஒப்பந்தமும் போகும். ஆனால் இந்த நாற்றத்தை நாடு முழுக்க அனுப்பவும் அக்காவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்காரர் பேசினால் பேசட்டும் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த அமைச்சர் சுருக்கமாகவே பேசினார். திட்டம் விரிவானால் தெருவுக்கு ஒரு முதல் கவள அலுவலர் நியமிக்கப்படுவார், ஓய்வுபெற்றவர்களுக்கு முன்னுரிமை என்றார். கேன்டீன் ஒப்பந்தங்கள் எல்லாம் தாமாகவே நீளும் என்றார். கூட்டம் முடிந்ததும் அனைவருக்கும் மதிய உணவு உண்டு, மலையிலிருந்து இப்போதுதான் கட்டைவிரல் வந்து சேர்ந்தது என்றார். பிறகு, ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார்.

வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்தாள். இரண்டு பேருடைய கையும் ஒன்றாகத்தான் மேலே போனது. வாட்ச்மேன் தூக்கினார், கணக்கு அதிகாரி தூக்கினார், பின்வரிசையில் எதற்கென்று தெரியாமல் வந்திருந்தவர்களும் தூக்கினார்கள். ஆட்சேபணை இன்றி ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக்கொண்டார்கள்.

எல்லோரும் ஒரு கையைத்தான் தூக்கியிருந்தார்கள். மறு கையால் மூக்கைப் பிடித்திருந்தார்கள்.