தேங்காய்மட்டை ஆந்தைப் படலம்

பனிப்போர்வை போர்த்த ஓசூர் மாநகரின் பற்சக்கரத் தொழிற்சாலையிலே இரும்பைக் கடைந்து பணியவைக்கும் வன்கரத்தோன், தலைமயிரின் பருமனில் பாதி பிசகினாலும் கண்டறிந்து ஒதுக்கிவைக்கும் கூர்விழியோன், தூத்துக்குடி உப்புக்காற்றிலே பிறந்து மார்கழிக் குளிருக்கு அஞ்சிக் குரங்குக் குல்லாய் தரித்த கோமான், தேவமணியின் கணவன், கெசியாவின் தந்தை, அருள்ஜோசப் வாழ்க. ஒரு ஞாயிற்றுக்கிழமையன்று அவன் ஆந்தை செய்த வரலாற்றைச் சொல்லப் புகுந்தோம். பசைக்கெல்லாம் அதிபதியாகிய தெய்வமே, அன்று எம் தலைவனைக் கைவிட்டதுபோல் எம்மையும் கைவிடாமல், சொல்லோடு சொல்லை ஒட்டித் தருக.

போர் மூண்ட காரணம் இதுவே. குளிர்காலத்தில் தரையில் உதிர்ந்து கிடப்பவற்றைப் பொறுக்கி ஏதாவதோர் உயிரினம் செய்து, மூன்று வாரத் தவணை முடியும் திங்கட்கிழமை கொண்டுவர வேண்டும் என்று யு.கே.ஜி. வகுப்பில் ராஜலட்சுமி மிஸ் திருவாய் மலர்ந்தருளியிருந்தார். ஆந்தைதான் என்று கெசியா அக்கணமே தீர்மானித்துவிட்டாள். செய்து தருகிறேன் என்று போன ஞாயிறு வாக்களித்த தந்தையோ ஓவர்டைம் என்னும் அரக்கன் அழைக்கவே அவன் பின்னே போய்விட்டான். அதற்கு முந்திய ஞாயிறும் அவ்வாறே. இன்று தேவமணிக்கு முதல் ஷிஃப்ட். செல்போன் கம்பெனிப் பேருந்துக்குக் கிளம்பும் வேளையில் அவள் கணவனைப் பார்த்து, குத்திக்காட்டும் குரலில் அல்ல, முழுக் கருணையோடு ஒரு வார்த்தை சொன்னாள்:

"முடியலேன்னா விட்டுடுங்க. நான் வந்து செஞ்சுக்கறேன்."

ஆயிரம் அம்புகள் ஒருங்கே பாய்ந்தாலும் அசையாத அவன் நெஞ்சில் அந்தக் கருணை ஆழப் பாய்ந்தது.

உடனே புறப்பட்டது படை. ஸ்வெட்டர்க் கவசமும் ஓட்டைக் காலுறையும் பூண்ட கெசியா முன்னே நடந்தாள். பிளாஸ்டிக் கூடையேந்திய அருள்ஜோசப் பின்னே நடந்தான். ஏரிக்கரைச் சாலையில் மூடுபனி அடர்ந்திருந்தது. கெசியா வாயைக் குவித்து ஊதிப் புகைவிட்டாள், தந்தையையும் விடச் சொன்னாள், அவன் விட்டான். தொழிற்சாலை மதில்களின் ஓரமாய் மரங்கள் தம் செல்வத்தையெல்லாம் கொட்டி வைத்திருக்க, கண்ணுக்கு உருண்டைச் சவுக்குக் காய்களையும், காதுக்கு முதுகில் வெள்ளி பூசிய சில்வர் ஓக் இலைகளையும், சிறகுக்குப் பனிக்காலத்தில் குங்குமமாய்ச் சிவந்து உதிரும் வாதாம் இலைகளையும் அவர்கள் பொறுக்கினார்கள். பூச்சி அரித்த இலையைத் தந்தை எடுத்தால் மகள் வாங்கி எறிந்தாள். உடலுக்கு வீட்டிலேயே காய்ந்த தேங்காய் மட்டை இருந்தது. மூக்குக்குப் பூசணி விதை.

பின்பு நிகழ்ந்தது பசைப் போர். குளிரில் இறுகிய பசை, குப்பியை அழுத்தியபோது வர மறுத்தது. அழுத்துவதை நிறுத்தியபோது வெள்ளமாய் வந்தது. அருள்ஜோசப்பின் கட்டைவிரலும் சுட்டுவிரலும், பிரிந்த சகோதரர் கூடினாற்போல், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பிரியமாட்டேன் என்றன. அவன் எஃகு அளவுகோலை எடுத்தான். மட்டையின் நடுக்கோடு கண்டான். இரு கண்களையும் இம்மியும் பிசகாத நேர்மட்டத்தில் வைத்து, வைத்த கையை எடுத்தான். வலக்கண் மெல்ல நகர்ந்தது. மேட்டூர் மதகு திறந்த புனல்போல் இறங்கி, மூக்கைக் கடந்து, மீசை இருக்கவேண்டிய இடத்தில் போய் நின்றது. தூக்கி வைத்தான், இறங்கியது. மறுபடி தூக்கினான்; இடக்கண்ணும் துணைக்கு இறங்கியது. நெடுநேரம் பார்த்திருந்த கெசியா, பெரியவர்கள் பேசும் தோரணையில் அவன் முழங்காலைத் தட்டினாள்.

"அம்மா வந்ததும் ஒட்டிக்கலாம்ப்பா. உனக்கு வராது."

வீழ்ந்தானோ தலைவன் என்று கேட்பீர். வீழவில்லை. தேவமணியின் தையல் பெட்டியிலிருந்து நூற்கண்டைக் கவர்ந்து வந்து, கண்ணென்றும் காதென்றும் சிறகென்றும் பாராமல் ஆந்தையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினான். பனி விலகி முதல் வெயில் விழுந்த வாசல் மதில்மேல் அதைக் காயவைத்துவிட்டு, மகளுக்குப் பால் காய்ச்ச உள்ளே போனான்.

அந்த இடைவெளியில் வந்தாள் அவள். வளைகொம்பினள், கருமேனியள், தாடி நுனியில் பனித்துளி ஏந்தியவள், பக்கத்து வீட்டுச் சம்பங்கியம்மாவின் வளர்ப்பு, வெள்ளாடு. முன்னங்கால்களை மதில்மேல் ஊன்றி, நூலை நூலாக மதியாமல், வலச்சிறகை முழுதாய் விழுங்கிவிட்டு இடச்சிறகில் பாதியைக் கடைவாயில் அரைத்துக்கொண்டிருந்தவளைப் பால் தம்ளரோடு வந்த அருள்ஜோசப் கண்டான். பாய்ந்தான். எஞ்சிய பாதியைப் பற்றினான். ஒரு முனையில் அவன், மறுமுனையில் ஆடு. மதயானைகள் இரண்டு ஒரே கரும்பைப் பற்றினாற்போல் இழுத்தனர். "கொம்புடையாளே, என் மகளின் சிறகை விடுக, விடாயெனின் இத்தெருவில் இனி உனக்குப் புல்லும் இல்லை, நிழலும் இல்லை" என்று அவன் நெஞ்சு முழங்கியது. வாயில் வந்தது, "ஏய், சூ, போ" என்பதே. இலை கிழிந்தது. காம்பு அவன் கையில் நின்றது.

சம்பங்கியம்மா டீ தம்ளரோடு வெளியே வந்து, ஆட்டைத் தெலுங்கில் நாலு வார்த்தை திட்டிவிட்டு, அவனிடம் தமிழில் நியாயம் சொன்னாள்.

"அது ஆடு தம்பி. ஆந்தைன்னா அதுக்கு எப்படித் தெரியும்?"

கெசியா அழவில்லை. கீழுதடு மட்டும் லேசாக முன்னே வந்தது. அதைக் கண்டு, எஃகுக்கு அஞ்சாதவன் அஞ்சினான். ஆந்தை தூங்குகிறது, தூங்கும்போது சிறகு தெரியாது என்று சொல்லித் தப்பிக்க ஒரு பொய் அவன் நாவின் நுனிவரை வந்துவிட்டது. அதை அவன் விழுங்கினான்.

"வா பாப்பா. இன்னொருக்கா போயிட்டு வருவோம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவேவா?"

"இப்பவேதான்."

வாதாம் மரத்தடியில் பேரிடி காத்திருந்தது. கம்பெனிப் பேருந்துக்கு நின்றவர்கள் குளிர்காய, உதிர்ந்த இலைகளையெல்லாம் கூட்டிக் கொளுத்திவிட்டிருந்தார்கள், சாம்பல்தான் மிச்சம். சிவந்த இலைகள் இனி அவன் கைக்கெட்டாத கிளையில் மட்டுமே. அப்போது அருள்ஜோசப் தானே யானையானான். மகளைத் தோளில் ஏற்றினான். "இந்தப் பக்கம்ப்பா, இன்னும் கொஞ்சம்" என்று மேலிருந்து ஆணைகள் பிறந்தன. யானை நுனிக்காலில் நின்று தள்ளாடியது. கெசியாவே எட்டிப் பறித்தாள். ஒன்று செக்கச்செவேலென்று இருந்தது. மற்றது பாதி பச்சை. அதுதான் தனக்குப் பிடித்தது என்றாள்.

இம்முறை போர்முறை மாறியது. "நீ மட்டையப் பிடிப்பா. நான் ஒட்டறேன்" என்றாள். அவன் பிடித்தான். அவள் நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, இலைக்கும் தரைக்கும் தன் மூக்குக்கும் பாரபட்சமின்றிப் பசை வழங்கி, சின்ன உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். கண்கள் மேலும் கீழுமாய்க் காய்ந்துபோயிருந்தன. அவன் கை அளவுகோலை நாடித் துடித்தது. அளவுகோலைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டான்.

பிற்பகலில் தேவமணி வந்து, செருப்பைக் கழற்றியபடியே மேசைமேல் பார்த்தாள்.

"கோழி நல்லாருக்கே."

"ஆந்தைம்மா," என்றாள் கெசியா. "நானும் அப்பாவும் செஞ்சது. நீ தொடாத."

அச்சொல் கேட்ட மாத்திரத்தில், எண்டிசையும் முரசு அதிர, ஏரி நீர் எழுந்து வணங்க, சில்வர் ஓக் மரங்களெல்லாம் வெள்ளியிலை சொரிய, விண்ணோர் பூக்கூடைகளோடு ஓசூர் மேம்பாலத்தின்மேல் நெரிசலிட்டு நிற்க, கொற்றவாகை சூடிய கோமான் அருள்ஜோசப் கட்டில் என்னும் அரியணையில் சாய்ந்து, மறுநாள் காலை ஆந்தையேந்திய மகளை ஊரறியப் பள்ளிக்கு அழைத்துச்செல்லும் வெற்றியுலாவை மனக்கண்ணில் கண்டு மகிழ்ந்திருந்தான்.

மறுநாள் மழை என்று பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டார்கள்.