பீலி அண்ணை ஏறாத கூரை உண்டா?

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாம் வகுப்பில் தமிழ்க் கட்டுரைக்கு நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தவர்கள் யாரும் என்னை எழுதச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பீலி அண்ணையைப் பற்றி வேறு யார் எழுதப்போகிறார்கள்? நியூசிலாந்தில், எங்கள் ஆக்லாந்துத் தமிழர்களில் பாதிப்பேர் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. ஏணியில் ஏறும் அவருடைய பூட்ஸின் அடியைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பீலி என்றால் யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கூரைத் தண்ணீர் விழுந்து ஓடும் வாய்க்கால். கூரை வேலை செய்கிற அண்ணை எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அதற்குள்தான் கையை விடுவார். ஏவன்டேலில் ஒரு பிறந்தநாள். எல்லோரும் கேக்கைச் சுற்றி நிற்கிறோம். அண்ணை பேப்பர் தட்டில் ஒரு பிடி கறுப்பு மண்ணோடு உள்ளே வந்தார்.

"பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"அஞ்சு முடியுது அண்ணை."

"கூரைக்கு இருவது. பிள்ளை வளருது, கூரை கொட்டுது. எதை முதல்ல பாக்கோணும்?"

பிள்ளை மெழுகுவர்த்தியை ஊதுவதற்குள் அப்பா ஏணியில் நின்றார்.

அது மண் இல்லை, கூரையிலிருந்து உதிர்ந்த கல். இங்கே கூரைக்குப் போடும் தார் ஷிங்கிள் என்பது தார் ஊறிய அட்டை மாதிரி. மேலே பொடிக்கல் ஒட்டியிருக்கும். வெயிலைத் தாங்குவது அந்தக் கல்தான். அது உதிர்ந்தால் தார் காய்ந்து வெடிக்கும். இதை நான் நல்ல முறையில் படித்துக்கொள்ளவில்லை.

என் நண்பன் செந்தில் மனுரேவாவில் பழைய வீடு வாங்கினான். ஞாயிறு கிரகப்பிரவேசம். சனிக்கிழமை புருஷன், பெண்டாட்டி ரெண்டு பேருக்கும் வேலை. என்னிடம் சாவியைக் கொடுத்து, "வீட்டைக் கழுவி வைடா" என்றான். வீடு என்றால் கூரையும் சேர்த்திதானே? தெற்குப் பக்கம் முழுக்கப் பச்சைப் பாசி. தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் வாட்டர்பிளாஸ்டரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். மூன்று வரிசை பளபளவென்று வந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

விசேஷத்துக்குப் பெரிய அண்டா கொண்டுவந்த அண்ணை கீழே நின்று குழாயை மூடினார்.

"தம்பி, என்ன செய்யிறீர்?"

"பாசி எடுக்கிறேண்ணே."

"தோலை உரிச்சுப்போட்டு, குளிக்க வார்த்தனான் எண்டு சொல்லுறீர். பீலியைப் பாரும்."

பார்த்தேன். பீலி நிறையக் கறுப்புக் கல்.

"மாத்திடலாமாண்ணே? நாலு மணிக்கு அவன் வந்துடுவான். இன்னொரு கூரை போட அவன்கிட்ட காசே இல்ல!"

"பின்னால ஷெட் நிக்குது. அதே ஷிங்கிள், அதே வயசு. அதில கழட்டி இஞ்ச போடலாம். புதுசு போட்டா கட்டுப்பல்லு மாதிரித் தெரியும்."

"அப்ப வாங்க, வாங்க!"

"இப்ப குளிர். வளைச்சா முறியும். வெயில் ஏறட்டும். நீர் தேத்தண்ணி போடும்."

இரண்டு மணி நேரம். மூன்று தேத்தண்ணி. நான் தெருவைப் பார்த்தேன். அவர் சூரியனைப் பார்த்தார். பிறகு தட்டைக் கம்பியை மேல் வரிசைக்கு அடியில் விட்டு ஆணியைத் தளர்த்தி, ஒவ்வொன்றாக உருவி மாற்றினார். கடைசி ஷிங்கிளுக்கு ஆணி அடிக்கும்போது செந்திலின் கார் வந்துவிட்டது.

"அண்ணா... கூரை போச்சா?" அவன் கார்க் கதவைக்கூட மூடாமல் ஓடிவந்தான்.

அண்ணை வாயிலிருந்த ஆணியை எடுத்தார். "போகேல்லை. இஞ்ச வெயில் வடக்கால வரும். அந்தப் பக்கம் நாலு மூலை மடங்கியிருக்கு, ஒட்டிவிடுறன். தெற்கில மூண்டு வரிசை மாத்தினனான். பாசிக்கு மருந்து தெளிச்சுவிடும், மழை மெல்லமெல்லக் கழுவும். இன்னும் கொஞ்ச வருஷத்துக்குப் பயமில்லை."

"மூணு வரிசை எப்படிண்ணா போச்சு?"

"கூரை எண்டால் தேயும்தானே."

நான் ஏணியை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் பால் பொங்கும் நேரத்தில் கூடத்து ஜன்னலுக்கு வெளியே இரண்டு கால்கள் தொங்கின. ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டார். "ஒட்டினது பிடிச்சிட்டுதோ எண்டு பாக்கிறன். நீங்கள் சொல்லுங்கோ ஐயா" என்று மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

ஷெட் ஒரு பக்கம் மொட்டையாகத் தார்ப்பாய் போர்த்தி நின்றது. செந்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. பத்திரிகையில் பார்த்து அவன் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்காது என்று, இதை முதலில் அவனுக்கே அனுப்பினேன். பதில் வந்தது:

"அன்னிக்கு சாயங்காலமே தெரியும்டா, 'பெடியனை ஏசிப்போடாதையும்'னு அண்ணன் என்கிட்ட சத்தியமே வாங்கிட்டாரு."