ஆடியில் விற்காத சரக்கு

முருகன் துணை
தியாகராய நகர்

அன்புள்ள மாப்பிள்ளை ஹரிக்கு,

அத்தான் வெள்ளைச்சாமி எழுதுவது. நான், உன் அக்கா சண்முகவடிவு, மகள் மதுமதி எல்லாரும் சௌக்கியம். கடைதான் சௌக்கியமில்லை. ஆடித் தள்ளுபடி போர்டு தொங்குகிறது, வாசல் ரோட்டைத் தோண்டிப் போட்டுவிட்டார்கள். சேலை எடுக்க வருகிறவர்கள் பள்ளத்தைப் பார்த்ததும் ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுகிறார்கள். திருவான்மியூரில் இருக்கிறவனுக்குக் கடிதம் எதற்கு என்பாய். நன்றி சொல்ல வேண்டும், போனில் சொன்னால் அழுதுவிடுவேன்.

நீ வாங்க வைத்த வங்கிப் பங்குகளை நான் எத்தனை முறை விற்கப் பார்த்தேன்! ஜவுளிக்காரன் புத்தி, வருஷம் தாண்டி அலமாரியில் கிடக்கும் சரக்கை ஆடியில் தள்ளிவிட வேண்டும். ஆடிக்கு ஆடி உனக்குப் போன் போடுவேன், நீ "ஆடியில எதுவும் ஆகாது அத்தான், ஆவணி பொறக்கட்டும்" என்பாய். ஆவணியில் தீபாவளிக் கொள்முதலுக்கு ஓடுவேன், பங்கு மறந்துபோகும். ஊரடங்கு வருஷம் கடை வாடகைக்கு வழியில்லாமல், விற்றே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றபோதும் அதே ஆடிப் பாட்டைப் பாடி, யாரோ நண்பரிடம் கைமாற்று வாங்கித் தந்தாய். வட்டிகூட வாங்காத மகராசன்! அவர் பணத்தையும் அடைத்தாயிற்று, பங்கும் தப்பியது, விலையும் எங்கேயோ போய்விட்டது. இந்தப் பள்ளக் காலத்தில் டிவிடெண்ட் பணம்தான் கடைப் பெண்களுக்குச் சம்பளமாகப் போகிறது, ஒருத்தியையும் நிறுத்தவில்லை. பட்டினப்பாக்கத்து ஜெனிதா கேட்கிறாள், "இன்னா அண்ணாச்சி, கடைக்கு ஈ காக்கா வரல, சம்பளம் மட்டும் டாண்ணு வந்துகினு கீது?" என்று. "எல்லாம் எம் மச்சினன் புண்ணியம் தாயி" என்றேன்.

உனக்கென்ன, என்னைப் போல் இரண்டு மடங்கு வாங்கினவன், குபேரனாக இருப்பாய். ஆனாலும் அந்த ஓட்டை ஸ்கூட்டரை மாற்ற மனசு வரவில்லை பார், கஞ்சப் பயலே! நீயும் உன் வீட்டாரும் குறைவில்லாமல் வாழச் செந்திலாண்டவன் கூட நிற்கட்டும்.

இப்படிக்கு,
நன்றி மறவாத அத்தான்
வெள்ளைச்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா வாங்கிப் படித்தாள். "எந்த நண்பன்? அவன் பங்கை எல்லாம் வித்துல்லா ஒங்க வாடகையைக் கெட்டினான். சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டான்" என்கிறாள். அடப்பாவி, ஆடியில் விற்காதே என்று எனக்குச் சொல்லிவிட்டு, அதே வாரம் உன்னுடையதை விற்றிருக்கிறாயே! மேலே கஞ்சன் என்று எழுதியதை அடித்துவிடு. இருக்கிற பங்கில் பாதி இனி உன்னுடையது, நாளைக்கே வந்து எழுதி வாங்கிக்கொள். ஆடிதான், பரவாயில்லை.