மடங்காக் கத்திப் படலம்

திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணம் சாலைக்குத் தென்புறத்தே, மூன்று காணி மணற்பாங்கு நிலத்தைத் தனிக்குடைக்கீழ் ஆள்பவனே! தர்பூசணிக்குலம் தழைக்கப் பாத்தி பிடித்தவனே! விரலால் தட்டியே பழத்தின் நெஞ்சறியும் நுண்செவியனே! கெங்கம்மாளின் மணாளனே, கலைப்பிரியாவைப் பெற்ற தாண்டவராய வேந்தே, நீ வாழி! நின் சலவை வேட்டி வாழி! நின் வலக்கைக் கட்டைவிரல், பாவம், அதுவும் வாழி! இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மாசித் திங்களில் ஒரு வெள்ளிக்கிழமை காலை நீ நிகழ்த்திய பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம். கேட்பவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்பார்களாக.

வேந்தனிடம் முன்னொரு மடக்குக் கத்தி இருந்தது. தொண்ணூற்று மூன்றில் விழுப்புரம் சந்தையில் வாங்கியது. புளியமரப் பிடி. அடடா, பிடி என்றால் அதுவன்றோ பிடி! பதினைந்து ஆண்டுகள் உள்ளங்கையோடு உறவாடி, கை குழிந்த இடத்தில் தான் புடைத்து, கை புடைத்த இடத்தில் தான் குழிந்து, பிடித்திருப்பதே தெரியாதபடி அடங்கியிருக்கும் பெருந்தகைமை அதற்கு உண்டு. குறை ஒன்றே. விரித்த அலகை விரித்தபடி நிறுத்தும் பூட்டு அதற்கு இல்லை. சென்ற ஆண்டு அறுப்பில், கெட்டித்தோல் பழமொன்றில் சிக்கிய அக்கத்தி, சோறு போட்டவன் என்றும் பாராமல் வெடுக்கென மடங்கி, அவன் சுட்டுவிரலைக் கடித்துவிட்டது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் மூன்று தையல்.

"அந்தச் சனியன இன்னொருவாட்டி தொட்டீங்க, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்!" என்று கெங்கம்மாள் முழங்கினாள். புளியமரப் பிடியோன் அன்றே பரணுக்கு நாடு கடத்தப்பட்டான்.

காலியான அந்த அரியணையில் ஏறியது, கெங்கம்மாளின் தம்பி வேணு சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த புதுக் கத்தி. எஃகு மேனி, கண்ணாடிபோல் வழுக்கும் பிடி, சட்டைப்பையில் மாட்டிக்கொள்ள ஒரு கிளிப். அலகை விரித்த மாத்திரத்தில் பிடிக்குள்ளிருந்து மெல்லிய தகடொன்று 'டிக்' என நாக்கு நீட்டி, அலகின் குதிகாலுக்கு முட்டுக் கொடுத்து நின்றுவிடும். அப்புறம் யானை மிதித்தாலும் மடங்காது. மடக்க வேண்டுமானால் கட்டைவிரலால் அந்தத் தகட்டை ஓரமாகத் தள்ள வேண்டும். வேணு ஒரே கையால் விரித்து, ஒரே கையால் மடக்கிக் காட்டியபோது வீடே வாயைப் பிளந்தது.

ஆனால் ஐயகோ! அதை வடித்த கம்மியன், உலகத்தார் அனைவரும் வலக்கையர் என்று எண்ணிக்கொண்டு வடித்துவிட்டான். தாண்டவராயனோ பிறவி இடக்கையன். இடக்கையில் பிடித்தால் தகடு கட்டைவிரலுக்கு எட்டாத பக்கம் போய் ஒளிந்தது. கிளிப் உள்ளங்கையைப் பிறாண்டியது. பத்து நாளாக அவன் அதை இரண்டு கையாலும் மல்லுக்கட்டி, பல்லைக் கடித்து, யாரும் பார்க்காத நேரத்தில்தான் மடக்கிவந்தான். மைத்துனனிடம் யோசனை கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

இவ்வாறிருக்க, கலைப்பிரியாவின் நிச்சயதார்த்த நாளும் வந்தது. வளவனூரிலிருந்து சுப்பராயலுவும் அவர் மனைவி கிளியம்மாளும், மாப்பிள்ளையாகிய அவர்கள் மகன் ராஜ்குமாரோடு வந்து இறங்கினார்கள். வந்தது முதல் மாப்பிள்ளை தொடைக்கு அடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு, சிலைபோல் உட்கார்ந்திருந்தான். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தாம்பூலத் தட்டு மாற்றியாக வேண்டும். முன்பே இரண்டு வரன்கள் வாசல்வரை வந்து திரும்பிவிட்டன. இந்தப் பையனின் போட்டோவைப் பார்த்துத்தான் கலைப்பிரியா முதன்முறையாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத் தாண்டவராயன் எதையும் செய்வான்.

அன்று விடியற்காலையிலேயே கெங்கம்மாள் ஆணை பிறப்பித்திருந்தாள். "இன்னிக்கு ஒரு நாளு அந்தப் பீச்சாங்கைய நீட்டாதீங்க. வளவனூர்க்காரங்க சாஸ்திரம் பாக்கறவங்க. எதுவா இருந்தாலும் சோத்தாங்கையாலதான், சொல்லிட்டேன்!"

மன்னன் தலையசைத்தான். இடக்கை அன்று முதுகுக்குப் பின்னால் சிறைப்பட்டது.

மணி பத்து ஐந்து. தட்டில் தேங்காய், வாழைப்பழம், புடவை எல்லாம் நிறைந்திருந்தன. சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா? தன் கழனியில் விளைந்த தர்பூசணி ஒன்றைத் தூக்கிச் சபை நடுவே வைத்தான். லாரிக்காரர்களுக்குப் பழம் விற்கும்போது, முக்கோணமாக ஒரு துண்டைக் குடைந்தெடுத்துச் சிவப்பைக் காட்டுவது அந்தப் பக்கத்து வழக்கம்; அதற்குக் 'கண் வெட்டுதல்' என்று பெயர். நிச்சயதார்த்தத்தில் அதை யாரும் கேட்கவில்லை. ஆயினும் அவன் எழுந்து நின்று மொழிந்தான்:

"சம்பந்தி! கண்ணு வெட்டிக் காட்டாம ஒரு பழத்தக்கூட நான் ஊட்ட வுட்டு அனுப்பினதில்ல. தேனு மாதிரி இருக்கும். இந்தக் கத்திக்கு ஒரு கை போதும்ங்க. தொறக்கவும் ஒரு கை, மடக்கவும் அதே கை!"

வலக்கை உயர்ந்தது. அலகு மின்னியது. பழகாத கையானாலும் மூன்று வெட்டில் முக்கோணம் பிறந்தது; செக்கச்செவேலென்ற துண்டு கத்தி முனையில் ஏறி வந்தது. சபை 'ஆகா' என்றது. துண்டைத் தட்டோரம் வைத்துவிட்டு, மடக்குதற்பொருட்டுக் கட்டைவிரலைத் தகட்டின்மேல் ஏவினான்.

தகடு அசையவில்லை.

மீண்டும் ஏவினான். பழச்சாறு படிந்த பிடி விலாங்குமீனாய் நழுவியது. இறுக்கிப் பிடித்தான், கிளிப் கடித்தது. தளர்த்திப் பிடித்தான், கத்தியே கவிழப் பார்த்தது. தகட்டின் கூர்விளிம்பு கட்டைவிரலில் கோடு கிழித்தது. நெற்றி வியர்வை மூக்கு நுனிவரை வந்து நின்று வேடிக்கை பார்த்தது. மணி பத்து இருபது.

"மடக்கிட்டு வாங்க சம்பந்தி, தட்ட மாத்திக்கலாம்" என்றார் சுப்பராயலு. அவர் தட்டை ஏந்தி நின்று ஐந்து நிமிடமாகிறது. தட்டில் தேங்காய் ஆடிற்று.

"தோ, ஒரு நிமிசம்ங்க!"

"விரிச்ச கத்திய வெச்சிக்கினு தட்டு வாங்கலாமா? ஆவாது, ஆவாது" என்று கிளியம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"குடு மாமா, நான் மடக்கறேன்!" என்று வேணு பாய்ந்து வந்தான்.

"நில்றா அங்க! கத்திய கைக்குக் கை குடுத்தா சண்ட வரும்!" என்று கர்ஜித்தான் வேந்தன். சொன்னது சாஸ்திரம், உள்ளே இருந்தது வீம்பு. ஒரு கை என்று சபையில் சொல்லியாயிற்றே!

மணி பத்து இருபத்தாறு. அறைவாசலில் நின்ற கலைப்பிரியா, "அப்பா..." என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. தாண்டவராயனுக்கு, பெற்ற பெண்ணின் வாழ்வை ஒரு தகரத் துண்டுக்காகத் தெருவில் விடப் போகிறோமே என்று நெஞ்சு பதைத்தது. அந்தப் பதைப்பில், யாரும் ஏவாமலே, முதுகுக்குப் பின்னிருந்த இடக்கை சிறையுடைத்து வெளியே வந்து கத்தியை வாங்கிக்கொண்டது.

கெங்கம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று!

அப்போதுதான் மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். "மாமா! நீங்களுமா பீச்சாங்கை?"

கிளியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடப்பாவி! காத்தாலருந்து கைய தொடைக்கடியில வெச்சிக்கினு உக்காந்திருந்தியே, இன்னும் நாலு நிமிசம் பொறுக்கக் கூடாதா?"

ராஜ்குமார் வயரிங் வேலைக்காரன். நாள் முழுவதும் இப்படிப்பட்ட கத்தியோடு குடித்தனம் நடத்துபவன். "கீழ வைங்க மாமா" என்றான். தாண்டவராயன் வைத்தான். மாப்பிள்ளை அதை இடக்கையால் எடுத்தான். "அமுக்கிப் புடிக்காதீங்க. நமக்குக் கட்டவெரலு ஆவாது. ஆள்காட்டி வெரல வளைச்சி, இப்டி தகட்ட உள்ளாற தள்ளணும். வெரல எடுத்துட்டு, அலகோட முதுக தொடையில ஒரு தட்டு."

டிக்.

பத்து நாள் பகைவன் பெட்டிப்பாம்பாய் அடங்கினான். தாண்டவராயன் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டான். கெங்கம்மாளும் கிளியம்மாளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்பது இன்றுவரை தீராத வழக்கு. பத்து இருபத்தொன்பதுக்குத் தட்டு மாறியது. தட்டு வாங்க எப்படியும் இரண்டு கையும் வேண்டும் என்பது இரு வீட்டாருக்கும் அப்போதுதான் உறைத்தது.

வெற்றி முரசம் முழங்காத குறைதான்! கண் வெட்டுப்பட்ட அந்தத் தர்பூசணி துண்டங்களாகிச் சபையெங்கும் வலம் வர, மாப்பிள்ளை இடக்கையால் ஒன்றை எடுத்துக் கடித்து, "தேனு மாமா" என்று அறைவாசல்வரை கேட்கச் சொல்ல, கலைப்பிரியா இரண்டாம் முறையாகச் சிரிக்க, அந்தச் சிரிப்பைக் கண்டு மார்பு விம்மிய தாண்டவராய வேந்தனும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான்.

பழம் சப்பென்று இருந்தது.