சவுரியப்பன் இருக்கையில் உள்ளார்

மாதவராஜ் ஒரு பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை ஒன்பது வருடமாகக் கட்டிக் காத்து வருபவன். பதவி தற்காலிகம். நிரந்தரமானவர்கள் எத்தனையோ பேர் மாற்றலாகிப் போய்விட்டார்கள், தற்காலிகமான மாதவராஜ் மட்டும் அதே மூலையில் இருக்கிறான்.

விடுமுறை நாட்களில் கம்பைநல்லூர் வீட்டில் உட்கார்ந்து சொந்த ஆசைக்குச் செயலிகள் செய்வான். ஒன்று தக்காளி விலை சொல்லும். இன்னொன்று தீர்த்தமலையில் கூட்டம் எவ்வளவு என்று சொல்லும். இரண்டையும் அவன் அம்மாவைத் தவிர யாரும் சீண்டவில்லை. மூன்றாவதாக வந்த 'சார் இருக்காரா' மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. பல்கலைக்கழகத்தில் எந்த அலுவலர் இருக்கையில் இருக்கிறார் என்று அங்கே கால் கடுக்க நிற்கும் மாணவர்களே அதில் பதிவார்கள். ஏரியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பையே மாட்டுவார்கள்.

இந்த நேரத்தில் அவன் பதவியை நிரந்தரமாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அனுபவச் சான்றில் கண்காணிப்பாளர் சவுரியப்பன் கையெழுத்துப் போட வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இதை விட்டால் அவனுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

வியாழக்கிழமை சவுரியப்பன் அவனைக் கூப்பிட்டுக் கைப்பேசியை நீட்டினார்.

"ஏம்ப்பா, மூணு மாசத்துல நான் பதினோரு நாள்தான் இருந்தேன்னு உன் ஆப் சொல்லுது."

"பசங்க பதியறதுங்க சார்."

"நான் இருக்கறனா இல்லையான்னு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்? எனக்குத்தான தெரியும்?"

யோசித்துப் பார்த்தால் நியாயம்தான். ஒருவர் இருப்பதைப் பற்றி அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

"அலுவலரே பதியற மாதிரி மாத்திடு. நாளைக்கு வா, கையெழுத்துப் போட்டுடறன்."

மாதவராஜுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்பது வருடம். பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் செயலியில் பச்சை விளக்கு எரிந்தது: 'சவுரியப்பன் இருக்கையில் உள்ளார்.' ஓடிப்போய்ப் பார்த்தால் நாற்காலி காலி. பக்கத்து மேசை எழுத்தர் ராமக்காளிடம் கேட்டான்.

"அக்கா, சார் எங்கங்க?"

"சீட்லதான் இருக்காரு."

"காலியா இருக்குதுங்களே."

"பச்சை எரியுது பாருங்க. செஞ்ச நீங்களே நம்பலைன்னா எப்பிடிங்க?"

"போன் போட்டா எடுக்கமாட்டேங்கறாருங்க."

"ஆபீஸ் நேரத்துல சீட்ல இருக்கறவரு சொந்த போனை எடுக்கக் கூடாதுங்க."

மாதவராஜ் சாயங்காலம் வரை அந்த நாற்காலி முன்னால் நின்றான். ஐந்தே முக்காலுக்குச் சவுரியப்பன், அரூரில் மச்சினன் வீட்டுக் காதுகுத்தில் இருந்தபடியே, இருக்கையை விட்டு எழுந்தார்.

திங்கட்கிழமை ஆணை வந்தது: 'சான்றளிக்கும் அலுவலர் மேற்படி நாள் முழுவதும் இருக்கையில் இருந்தும், விண்ணப்பதாரர் சான்று பெறத் தவறியமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. ஆதாரம்: விண்ணப்பதாரர் தாமே உருவாக்கிய செயலி.'

ஆணைகளை இணையதளத்தில் ஏற்றுவது மாதவராஜின் வேலை. ஏற்றினான். கால் மணி நேரத்தில் ஏரியூர் மாணவி அமுதவல்லி அதன் கீழே எழுதியிருந்தாள்: 'பாவம் அந்த சார். நாள் பூரா இவருக்காக உக்காந்திருக்காரு.'