அடுப்புக்கு மேலே ஒரு காகிதம்

டைபாய்டு நூலகரை விட்டுப் போய்விட்டது. நூலகர்தான் டைபாய்டை விடுவதாக இல்லை.

பஸ் நிலையத்தில் ஈ மொய்த்த கடையில் ஐஸ் போட்ட பழச்சாறு குடித்து வாங்கிக்கொண்டு வந்த காய்ச்சல் அது. இரண்டு வாரம் மனுஷனைப் புரட்டி எடுத்தது. அவர் மனைவி தன் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் அவர் கட்டில் பக்கத்திலேயே கிடந்தாள். பாவம், அழுதுகூட இருக்கிறாள்.

தேறி எழுந்ததும் டாக்டர் சொன்னார்: "காய்ச்சல் போனாலும் சில பேர் குடல்ல கிருமி தங்கிடும். மலப் பரிசோதனையில இல்லைன்னு வர்ற வரைக்கும் மத்தவங்களுக்குச் சமைக்காதீங்க."

நூலகருக்குக் காதில் தேன் பாய்ந்தது. மனைவி கடையிலிருந்து வர ஏழாகும் என்பதால் சாயங்காலச் சமையல் பன்னிரண்டு வருஷமாக அவர் தலையில்தான்.

"கேட்டியா? இனிமே அடுப்படிப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

"வரவே வராதீங்க. பிள்ளைங்க இருக்கிற வீடு."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டாளே என்று அவர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் நூலகர் நாற்காலியில் சாய்ந்தார். எதிரே வாளியும் விளக்குமாறும் வந்து நின்றன.

"என்ன இது?"

"சோத்தைத்தானே தொடக்கூடாது? கக்கூஸைத் தொடலாமே. அங்கிருந்துதானே கிருமி தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் வருது?"

"நான் நோயாளிம்மா!"

"அதனாலதான் இதுக்கு மேல வேலை கொடுக்கலை."

கக்கூஸ் பளபளத்தது. குப்பைத் தொட்டிக்கு மூடி வந்தது. ஜன்னலுக்கெல்லாம் ஈ வராமல் வலை அடித்தார். குடிதண்ணீர்க் குழாயை ஒட்டி அடைத்துக் கிடந்த சாக்கடையைக் குத்திக் குத்தி முதுகு ஒடிந்தது. முதல் வாரம், பரிசோதனைக்கு மூன்று தடவை மாதிரி கொடுத்துவிட்டு, முடிவு வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டார். நான்காம் வாரம், வந்து தொலையாதா என்று ஏங்கினார்.

"முடிவு வந்துச்சா?"

"அந்தக் கவலை உங்களுக்கு எதுக்கு? நிம்மதியா இருங்க."

பொறுக்க முடியாமல் பரிசோதனை நிலையத்துக்கே போனார். அங்கிருந்த பெண் ஏட்டைப் புரட்டினாள்.

"மூணு தடவை பார்த்தோம் சார், கிருமியே இல்லை. உங்க வீட்டம்மா வாங்கிட்டுப் போயி இருபது நாளாச்சே?"

நூலகர் ஓட்டமும் நடையுமாக வீடு திரும்பினார். அன்று கடைக்கு விடுமுறை. மனைவி கூடத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி ஒளிச்சு வெச்சே அந்தக் காகிதத்தை?"

"ஒளிக்கிறதா? வாங்கின அன்னைக்கே அடுப்புக்கு நேர் மேல ஒட்டிட்டேன். பிள்ளைங்ககூடப் படிச்சிடுச்சுங்க."

பாய்ந்து போய்ப் பார்த்தார். இருந்தது. புகை படிந்து, எண்ணெய் தெறித்து, இருபது நாளாக அங்கேதான் இருந்தது.

கூடத்திலிருந்து குரல் வந்தது.

"உள்ளே போனதுதான் போனீங்க, அப்படியே உலையை வெச்சிடுங்க. கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிட்டு."